சூறாவளிக்கு விழுந்த அரிசி

நம் தெருக்காரர்கள் போடும் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டீர்கள். "அக்கா, நம்ம தெருவுல இருந்து பட்டாளத்துக்குப் போன வீரரு உங்க சித்தப்பாதான? அவுகளப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. யூனிபாரம் போட்ட போட்டோ இருந்தா ரொம்ப நல்லது" என்று போனில் சொன்னீர்கள். வீரர்! எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது உங்களுக்கு. போனை வைத்துவிட்டு உடனே இதை எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம்.

போன மாதம் செம்பூர் மண்டபத்தில் பழைய தாராவித் தெருக்காரர்கள் எல்லோரும் கூடினோமே, அங்கேயே எனக்குச் சூடு ஏறிவிட்டது. யாருடைய பேரனோ, உடம்போடு ஒட்டிய நீல உடுப்பும் முகமூடியும் முதுகில் தொங்கும் துணியுமாக மேடைக்கு வந்தான். தலையில் மட்டும் பட்டாளத் தொப்பி. இரண்டு குதி குதித்துவிட்டு சல்யூட் அடித்தான். அவ்வளவுதான், மண்டபமே எழுந்து நின்றது. எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் எல்லாம் விறைத்து நின்று பதில் சல்யூட் வைத்தீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் "முட்டி வலியா, ஏட்டி?" என்று கேட்டாள். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அவன் சின்னப் பையன், பறக்கிறவனைப் பிடித்திருக்கிறது, போட்டுக்கொண்டான். நமக்கும் ஒருவன் இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? சூறாவளி.

நமக்கெல்லாம் பத்து, பதினொரு வயது. என் அப்பா மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பேப்பர் கடையில் வாரப் பத்திரிகை வாங்கி வருவார். மெட்ராஸ் ரயிலில் வருவதால் எப்போதும் இரண்டு நாள் பழசு. அதன் கடைசி இரண்டு பக்கம் சூறாவளியின் படக்கதை. சிவப்பு மை விரலில் ஒட்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டி, கூரைக்குக் கூரை தாவுவான். குடிசையைப் பிரிக்க வந்த காண்டிராக்டரைத் தூக்கிச் சாக்கடையில் போடுவான். ரேஷன் அரிசியில் கல்லைக் கலக்கிறவனை அதே கல்லின்மேல் முட்டி போட வைப்பான். நீங்கள் எல்லாம் இந்தி ஸ்கூல். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நம் வரிசையில் நான் ஒருத்திதான். குழாயடியில் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் வாசிக்க, நீங்கள் வாய் பிளந்து கேட்பீர்கள்.

பெரியவர்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிதான் நம் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். அவர் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் புளி மடிப்பார். "மூஞ்சிய மூடிக்கிட்டு அடுத்தவன் கூரையில ஏறுதவன் களவாணிப்பயலாத்தான் இருப்பான். இதப் போயி பிள்ளைய படிக்குதாவ" என்பார். அரிசியில் கல் கலந்தவன் முட்டி போட்ட வாரம் அவருக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல்.

பிறகு பாகிஸ்தானோடு சண்டை வந்தது. ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் பழுப்புத் தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டினோம். கரப்பான் பூச்சி வந்து அந்தப் பசையைத் தின்னும். விமானத் தாக்குதலுக்குச் சங்கு ஊதினால் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் குந்தி இருப்போம். அந்த நாட்களில் ஒரு வாரம் பத்திரிகையைப் பிரித்தால், சூறாவளி பச்சை உடுப்பில் நிற்கிறான். முகத்தில் அதே துண்டு, தோளில் பட்டை, கையில் துப்பாக்கி. அவன் வீரத்தைக் கேள்விப்பட்டு சர்க்காரே கூப்பிட்டுப் பட்டாளத்தில் சுபேதார் ஆக்கிவிட்டதாம். அன்றிலிருந்து அவன் சுபேதார் சூறாவளி.

அண்ணாச்சி மறுநாளே அந்தப் படத்தைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஊதுபத்தியும் காட்டினார். களவாணிப்பயல் ஒரே வாரத்தில் குலதெய்வம் ஆகிவிட்டான். முகமூடி மாறவில்லை, தாவுகிற தாவல் மாறவில்லை, சட்டை ஒன்றுதான் மாறியது. அதன் பிறகு அந்தக் கதையில் ஒரு குடிசைகூட வரவில்லை. காண்டிராக்டர் வரவில்லை, அரிசியில் கல் வரவில்லை. அவனுடைய எதிரிகள் எல்லோரும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இதை நானும் அப்போது கவனிக்கவில்லை. டாங்கியை அவன் ஒற்றைக் கையால் கவிழ்த்தால் போதும் என்று இருந்தேன்.

அப்போது என் சித்தப்பா எல்லையில்தான் இருந்தார். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு ஆள் எடுத்தபோது சேர்ந்தவர், அப்பாவின் தம்பி. நீங்கள் எல்லோரும் தாதர் ஸ்டேஷன் வரை வந்து மாலை போட்டு அனுப்பினீர்கள். சித்தி எங்களோடு அந்தக் கோலியில், ஒற்றை அறை வீட்டில், இருந்தாள்.

சித்தப்பா சித்திக்கு இன்லண்டு லெட்டர் எழுதுவார். சித்திக்குப் படிக்கத் தெரியாது. புருஷன் எழுதியதை அவர் அண்ணன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதாவது? அப்பா இருக்கும் பக்கம் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அம்மாவுக்கும் எழுத்து வராது. ஆகவே லெட்டர் என்னிடம் வரும். பகலில் அப்பா தூங்குவார், கோலிக்குள் சத்தம் கூடாது. ஆகவே லெட்டரும் குழாயடிக்கு வரும். சித்திக்காக ஆரம்பித்த வாசிப்பைத் தெருவே கேட்க ஆரம்பித்தது.

சித்தப்பா என்ன எழுதினார் தெரியுமா? இன்றைக்குத்தான் உங்களுக்குச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "இன்று இருநூறு பேருக்குப் பருப்பு. வெங்காயம் உரித்துக் கண் எரிகிறது. ரொட்டி இப்போது வட்டமாக வருகிறது. விறகு ஈரம். நீ வேளைக்குச் சாப்பிடு." ஒவ்வொரு லெட்டரிலும் இதுதான். அவர் பட்டாளத்துச் சமையல்காரர்.

சண்டை நடக்கும்போது வந்த முதல் லெட்டரை நான் அப்படியே வாசிக்கத்தான் வாயைத் திறந்தேன். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "ஏட்டி, உங்க சித்தப்பா எத்தன பேர சுட்டாவளாம்?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லெட்டரில் இருந்ததோ வெங்காயம். எனக்கு அவமானமாக இருந்தது. முந்தின நாள் படித்த படக்கதை மனசில் அப்படியே இருந்தது. அதையே எடுத்து விட்டேன். டாங்கி வந்ததாகவும், சித்தப்பா அதன்மேல் பாய்ந்து ஏறி மூடியைத் திறந்து உள்ளே குண்டு போட்டதாகவும் கண்ணை இமைக்காமல் வாசித்தேன். கடைசியில் "நீ வேளைக்குச் சாப்பிடு" என்பதை மட்டும் உள்ளபடி வாசித்தேன்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மறுநாள் குழாயடியில் அவள் குடத்தை வாங்கி வரிசையில் முதலில் வைத்தார்கள். "டாங்கிக்காரர் பொண்டாட்டி பிடிக்கட்டும்." அண்ணாச்சி ரேஷன் குறுணை இல்லாத நல்ல அரிசியை அவளுக்கென்று எடுத்து வைத்தார். அதன் பிறகு நான் நிறுத்த முடியுமா? லெட்டருக்கு லெட்டர் சித்தப்பா வளர்ந்துகொண்டே போனார். சூறாவளி போன வாரம் செய்ததை என் சித்தப்பா இந்த வாரம் செய்தார். பத்து வயதுப் பிள்ளை அளந்ததை அத்தனை பெரியவர்களும் நம்பினார்கள். ஒருவரும் லெட்டரை வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணாச்சிக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். அவரும் கேட்கவில்லை.

சண்டை நின்றது. லெட்டரும் சில மாதம் நின்றது. அந்த மாதங்களில்தான் சித்தி நம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். புருஷன் உயிரோடு திரும்பினால் தசராவுக்குப் பிச்சைக்கார வேஷம் கட்டி, வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கி, அம்மன் பானையில் போடுவார் என்று. நம் ஊர்ப் பக்கத்து வழக்கம் நமக்குத் தெரியாததா? ராஜா, காளி, குரங்கு என்று எந்த வேஷமும் கட்டலாம், ஆனால் நேர்ந்த வேஷத்தைத்தான் கட்ட வேண்டும். எல்லாவற்றிலும் உசந்தது பிச்சைக்கார வேஷம். இருக்கிற மானத்தை எல்லாம் கழற்றி அம்மன் காலடியில் வைப்பதுதான் அதன் அர்த்தம்.

மழைக்காலத்தில் சித்தப்பா வந்துசேர்ந்தார். ஒரு காது போயிருந்தது. இன்னொரு காதும் மெல்லக் குறையலாம் என்று டாக்டர் சொல்லி, பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் இரண்டு சட்டை, விளிம்பில் நம்பர் குத்திய வெள்ளை எனாமல் தட்டு ஒன்று. சித்தி அவர் காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு காத அம்மன் ஈடா வச்சிருக்கா. நேர்ச்சையச் செஞ்சா மத்தத விட்டுருவா" என்றாள். அவளுக்கு அதில் துளிச் சந்தேகம் இல்லை.

கோயில் முன்னால் அண்ணாச்சி வரவேற்புக் கூட்டம் வைத்தார். தெருவே வந்தது. மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, "தம்பி, அந்த டாங்கிக் கதைய ஒங்க வாயால சொல்லணும்" என்றார். சித்தப்பா நல்ல காதைத் திருப்பி, "எந்த டாங்கி அண்ணாச்சி?" என்று கேட்டார். "நீங்க ஏறிக் குண்டு போட்டீயளே, அந்த டாங்கி." சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நான் எங்க ஏறினேன்? எனக்கு லங்கர்ல சமையலுல்லா. அண்டாவும் கரண்டியும்தான் நம்ம ஆயுதம்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "பின்ன லெட்டர்ல டாங்கின்னு எழுதினது ஆரு?"

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவர் பார்வையும் என்மேல் வந்து நின்றது. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குரல் கேட்டது. "ஆமா அண்ணாச்சி. நாந்தான் எழுதிட்டேன். சும்மா ஒரு இதுக்கு எழுதினது. தப்புதான்."

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புளுகன் என்ற பெயர் என் சித்தப்பாவுக்கு வந்தது. வெளியே தெரிந்தால் மற்றத் தெருக்காரர்கள் சிரிப்பார்கள் என்று அண்ணாச்சி அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "தசராவுக்கு நீ சுபேதார் சூறாவளி வேஷம் கட்டு. உடுப்பு நான் தைக்கச் சொல்லுதேன். பட்டாளத்துக்காரனே அந்த உடுப்புல வந்தா ஜனம் பழச மறந்துரும். தெரு மானமும் நிக்கும்."

"நேந்தது பிச்சைக்கார வேஷம் அண்ணாச்சி. அம்மன்கிட்டப் போயி பேச்சு மாத்த முடியுமா?"

"பட்டாளத்துல இருந்து வந்தவன் பிச்சைக்காரனா வந்தா நாட்டுக்கே கேவலம்ல!"

"அங்க நான் உடுத்தினது எண்ணெச் சட்டதான், அண்ணாச்சி. அதுல ஒரு கேவலமும் இல்ல."

அண்ணாச்சி சூறாவளி வேஷத்தைத் தன் மகனுக்குக் கட்டினார். வாலிபன், நல்ல உடம்பு. சண்டை தொடங்கிய வாரமே ரயிலேறி ஊருக்குப் போய், விளக்குப் போடலாம் என்று சர்க்கார் சொன்ன பிறகு திரும்பி வந்தவன்.

தசரா அன்று காலை சித்தப்பா கரியைக் குழைத்து உடம்பில் பூசிக்கொண்டு, கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, அந்த எனாமல் தட்டை ஏந்தித் தெருவில் இறங்கினார். சித்தி கோயிலில் பானைக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். அம்மாவும் அவளோடு இருந்தாள். போகும்போது அம்மா வாசலில் உழக்கு நிறைய அரிசி வைத்துவிட்டு, "சித்தப்பா வந்தா உன் கையால ஒரு பிடி போடு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அண்ணாச்சி கடை வாசலில் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பட்டாளத் தட்டுல பிச்ச எடுக்கான் பாரு, மானங்கெட்ட பய. இவனுக்கு ஒருத்தரும் போடாதீய." நீங்கள் போடவில்லை. உங்கள் அம்மாக்கள் போடவில்லை. அந்த வருஷம் அரிசி முடைதான், எனக்கும் தெரியும். ஆனால் பின்னாலேயே மேளத்தோடு சூறாவளி வந்தபோது அதே வீடுகளில் கதவு திறந்தது. ஆலத்தி சுற்றினார்கள், குழந்தைகளைக் காலில் போட்டு எடுத்தார்கள், அவன் தூக்கி வந்த அண்டா நிரம்பி வழிந்தது. வேஷம் கட்டியவன் சல்யூட் அடிக்கக்கூடத் தெரியாமல் உள்ளங்கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான். அதற்கும் கை தட்டினீர்கள்.

நான் வீட்டுக்குள் இருந்தேன். "அம்மா தாயே" என்ற குரல் ஒவ்வொரு வாசலாக நெருங்கி வருவது கேட்டது. நீங்கள் எல்லோரும் மேளத்துக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வருவதும் கேட்டது. உழக்கைக் கையில் எடுத்தேன். இப்போது கதவைத் திறந்தால் நீங்கள் பார்ப்பீர்கள். புளுகன் வீட்டுப் பிள்ளை என்று நாளைக்குக் குழாயடியில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டீர்கள், என் வாசிப்பைக் கேட்க மாட்டீர்கள். உழக்கைக் கீழே வைத்துவிட்டு, கதவுக் கொண்டியைப் போட்டேன்.

ஜன்னலில் பழுப்புத் தாள் இன்னும் கிழியாமல் இருந்தது, ஒரு மூலை மட்டும் கரப்பான் தின்றிருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். சித்தப்பா எங்கள் வாசலில் நின்றார். தட்டில் ஒரு மணி அரிசி இல்லை. "ஏ பிள்ள, நாந்தான்" என்றார், மெதுவாக. அவர் நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கொண்டி விழுந்த சத்தம் அந்தக் காதில் கேட்டிருக்கும். பிறகு போய்விட்டார்.

அம்மன் பானையில் அவர் தட்டைக் கவிழ்த்தபோது ஒன்றும் விழவில்லை. சாயந்தரம் வீட்டில் சித்தி கேட்டாள், "நம்ம வீட்டுலகூடவா போடல?" நான் மூலையில் இருந்தேன். சித்தப்பா ஈரத்துணியால் கரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ள போட்டுச்சு. மேளத்துக் கூட்டத்துல இடிச்சுட்டாங்க, கொட்டிப் போச்சு."

மறுநாள் குழாயடியில் சித்தியின் குடம் கடைசிக்குப் போனது. ஒரு மாதத்தில் இருவரும் ஆண்டாப் ஹில் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். செம்பூரில் ஒரு கான்டீனில் சித்தப்பா சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த தசரா வருவதற்குள் இரண்டாவது காதும் போய்விட்டது. டாக்டர் முன்பே சொன்னதுதான், நேர்ச்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு அது தெரியும். சித்திக்குத் தெரியாது. வெறும் தட்டைக் கவிழ்த்ததால்தான் அம்மன் மற்றக் காதையும் எடுத்துக்கொண்டாள் என்று சாகும்வரை நம்பினாள். அந்தத் துக்கத்தை அவளுக்குக் கொடுத்தது நம் தெரு. டாங்கியை அளந்தது நான்தான் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் பாதியாவது குறைந்திருக்கும். சொல்லவில்லை.

முதல் காது எப்படிப் போனது என்று ஒரு தடவை சிலேட்டில் எழுதிக் கேட்டேன். முன்னால் பள்ளத்தில் கிடந்த பையன்களுக்குப் பருப்பு வாளி தூக்கிக்கொண்டு போகும்போது பக்கத்தில் ஷெல் விழுந்ததாம். "வாளி சாயல" என்றார். காது கேளாதவர்களுக்கே வரும் பெரிய குரலில், சிரித்துக்கொண்டு சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்ன சண்டைக் கதை.

ஆக, வீரர் என்று இப்போது கூப்பிடுகிறீர்கள். செத்து இத்தனை வருஷம் கழித்து, சமையல்காரர் என்பது மறந்துபோன பிறகு, பட்டாளம் என்ற சொல் மட்டும் மிஞ்சியதும் அவர் உங்களுக்கு வேண்டியிருக்கிறார். யூனிபாரம் போட்ட போட்டோ என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன்.

தட்டு இருக்கிறது. சித்தி போன பிறகு என்னிடம் வந்தது. எனாமல் பல இடத்தில் உதிர்ந்துவிட்டது, விளிம்பில் நம்பர் மட்டும் இன்னும் தெரிகிறது. அடுத்த தசராவுக்கு மண்டபத்தில் கூடும்போது அதை வாசலில் வைத்துவிட்டு, பக்கத்தில் நான் நிற்பேன். மேடையில் யாரும் பறக்கட்டும், யாருக்கும் சல்யூட் வையுங்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வந்து, இதில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். முதல் பிடி நான் போடுவேன். கொண்டியைப் போட்டவள் நான்தான்.